மீண்டும் முளைக்கும் சவ்வு

முழங்காலை மடக்கி நீட்டும்போது உள்ளே எலும்பும் எலும்பும் உரசுவதில்லை. எலும்பு முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. இரு பக்கக் குருத்தெலும்புகளுக்கும் நடுவே கொழகொழப்பான ஒரு திரவம் இருக்கிறது. அந்தத் திரவத்தைத் தருவது மூட்டுப் பையின் உட்புறத்தை மூடியிருக்கும் சவ்வு. மருத்துவர்கள் சைனோவியம் என்பார்கள். இங்கே மூட்டுச்சவ்வு என்றே சொல்வோம். நலமாக இருக்கும் ஒருவருக்கு அந்தச் சவ்வின் உள்ளடுக்கு ஒன்று முதல் மூன்று செல் தடிமன்தான். ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் அதில் இரண்டு மூன்று பங்கு.

இத்தனை மெல்லிய படலத்துக்கு வேலை அதிகம். அதில் இரண்டு வகைச் செல்கள் இருக்கின்றன. ஒரு வகை மாக்ரோபேஜ் இனத்தைச் சேர்ந்த விழுங்கு செல்கள்; மூட்டுக்குள் தேய்ந்து உதிரும் கழிவுகளை இவை தின்று தீர்க்கின்றன. மற்றது ஃபைப்ரோபிளாஸ்ட் எனும் நார்ச் செல்கள். வழுவழுப்புத் தரும் ஹயலூரானிக் அமிலத்தையும் லூப்ரிசின் புரதத்தையும் சுரப்பவை இவைதான். குருத்தெலும்புக்குச் சொந்தமாக ரத்தக் குழாய் கிடையாது. மூட்டுச்சவ்வின் நுண்குழாய்களிலிருந்து கசிந்து வரும் திரவத்தின் வழியாகத்தான் அதற்கு உணவு போகிறது. முழங்காலுக்குள் இருக்கும் மொத்தத் திரவமும் சாதாரணமாக ஒரு தேக்கரண்டிக்கு மேல் போகாது.

குடலின் உட்சவ்வுக்கு அடியில் செல்களைத் தாங்கும் அடித்தளப் படலம் ஒன்று உண்டு. மூட்டுச்சவ்வுக்கு அது இல்லை. ரத்தத்தில் இருப்பவை மூட்டுக்குள் எளிதாக நுழைய இது வழிவிடுகிறது. அப்படியென்றால் மூட்டுக்குக் காவலே இல்லையா? 2019இல் ஜெர்மனியின் எர்லாங்கன் நகர ஆய்வாளர்கள் எலி மூட்டுகளை ஆராய்ந்து இதற்கு விடை சொன்னார்கள். உள்ளடுக்கில் இருக்கும் ஒரு வகை மாக்ரோபேஜ்கள் ஒன்றோடொன்று இறுகக் கைகோத்து ஒரு தடுப்பாக நிற்கின்றன. அழற்சி தொடங்கும்போது முதலில் குலைவது அந்தத் தடுப்பு.

இனி நோய்க்கு வருவோம். சரவாங்கி என்று நம் ஊர்களில் சொல்லப்படும் முடக்குவாதத்தில் இந்தச் சவ்வு தடிக்கிறது. ஒன்றிரண்டு அடுக்காக இருந்த செல்கள் பத்துப் பன்னிரண்டு அடுக்காகப் பெருகுகின்றன. அடியில் புதிய ரத்தக் குழாய்கள் கிளைக்கின்றன. நிணச் செல்கள் வந்து குவிகின்றன. மூட்டுக்குள் நுண்ணிய கேமராவை விட்டுப் பார்த்தால், சிவந்த விரல் விரலான மடிப்புகள் திரவத்தில் குளத்துப் பாசிபோல் அலைவது தெரியும். திரவமும் பெருகுவதால் முட்டி வீங்கி, காலையில் எழுந்ததும் மடக்க முடியாமல் விறைத்துப்போகிறது.

வீக்கத்தையும் வலியையும்விட அஞ்ச வேண்டிய ஒன்று, சவ்வு குருத்தெலும்பின் ஓரத்தில் ஏறத் தொடங்குவது. குருத்தெலும்பு முடியும் இடத்துக்கும் சவ்வு தொடங்கும் இடத்துக்கும் இடையே எலும்பின் ஒரு சிறு பகுதி போர்வையின்றி வெறுமையாக இருக்கிறது. தடித்த சவ்வு முதலில் அங்கேதான் எலும்பைக் குடைகிறது. பிறகு குருத்தெலும்பின் மேல் படர்ந்து, கொலாஜனைக் கரைக்கும் நொதிகளைச் சுரந்தபடி முன்னேறுகிறது. பானஸ் என்று மருத்துவ நூல்கள் குறிப்பிடுவது இந்தப் படர்ச்சியைத்தான். எக்ஸ்-ரே படத்தில் விரல் மூட்டுகளின் ஓரங்களில் அரித்தது போன்ற குழிகளை மருத்துவர் காட்டுகிறார் என்றால், அந்த வேலையைச் செய்தது சவ்வு.

அந்தச் செல்கள் வெறுமனே அழற்சிக்குப் பணிந்து நடப்பவையா, தாமாகவே ஆக்கிரமிக்கும் குணத்தைப் பெற்றவையா? 1990களில் நடந்த ஒரு சோதனை இதற்குத் தெளிவான பதில் தந்தது. நோய் எதிர்ப்பாற்றல் இல்லாத எலிகளுக்குள் நலமான மனிதக் குருத்தெலும்புத் துண்டையும், முடக்குவாத நோயாளியின் மூட்டுச்சவ்வில் எடுத்த ஃபைப்ரோபிளாஸ்ட்களையும் சேர்த்து வைத்தார்கள். அந்த எலியின் உடலில் தூண்டிவிட நிணச் செல்கள் கிடையாது. இருந்தும் ஃபைப்ரோபிளாஸ்ட்கள் குருத்தெலும்பைத் துளைத்து உள்ளே போயின. 2009இல் எலெனா நாய்மான், உல்ஃப் மியூல்லர்-லாட்னர் ஆகியோரின் குழு இதற்கு ஒரு படி மேலே போனது. எலியின் ஒரு பக்கத்தில் குருத்தெலும்போடு நோயாளியின் செல்களையும், மறு பக்கத்தில் செல்கள் இல்லாத குருத்தெலும்பை மட்டும் வைத்தார்கள். சில வாரங்களில் அந்தச் செல்கள் ரத்த ஓட்டத்தின் வழியே பயணம் செய்து மறுபக்கக் குருத்தெலும்பையும் அரித்திருந்தன. ஒரு முழங்காலில் தொடங்கும் நோய் மற்ற மூட்டுகளுக்கு எப்படிப் பரவுகிறது என்பதற்கு இது ஒரு வழியாக இருக்கலாம்.

இந்தச் செல்லறிவு எதுவும் இல்லாத காலத்திலேயே அறுவை மருத்துவர்கள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள்: மூட்டைக் கெடுப்பது இந்தச் சவ்வு என்றால், அதை வெட்டி எடுத்துவிடலாம். சைனோவெக்டமி எனும் இந்த அறுவையை 1877இல் ஜெர்மனியின் ரிச்சர்ட் ஃபோன் ஃபோல்க்மன் செய்தார். அப்போது அவர் முன்னிருந்த நோய் முழங்கால் காசநோய். காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் கண்டறிந்தது 1882இல்தான். மருந்து வர இன்னும் அறுபதாண்டுக்கு மேல் இருந்தது. மூட்டையே வெட்டி எடுப்பது அல்லது காலையே எடுப்பது என்றிருந்த நாளில், சவ்வை மட்டும் அகற்றுவது கருணையான வழி. பத்தாண்டில் மாக்ஸ் ஷூல்லர் அதை முடக்குவாதத்துக்கும் செய்தார். அமெரிக்காவின் பால் ஸ்வெட் 1923இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு ஆங்கிலம் பேசும் நாடுகளிலும் இது பேசப்பட்டது.

ஆனால் இந்த அறுவை ஓர் இயக்கமாக மாறியது பின்லாந்தில். அங்கே ஹெய்னோலா என்ற சிற்றூரில் 1951இல் வாத நோய்க்கென்றே ஒரு மருத்துவமனை திறந்தார்கள். வாத நோய் மருத்துவர் வெய்க்கோ லைனேயும் அறுவை மருத்துவர் கௌக்கோ வைனியோவும் ஒரே கூரையின் கீழ் ஒரே நோயாளியைச் சேர்ந்து பார்த்தார்கள். மற்ற நாடுகளில் எலும்பு உருக்குலைந்த பிறகே அறுவை மருத்துவரிடம் அனுப்புவது வழக்கம். குருத்தெலும்பு கெடுவதற்கு முன்பே சவ்வை எடுத்துவிட வேண்டும் என்பது ஹெய்னோலாவின் வாதம். 1967இல் ஆம்ஸ்டர்டாமில் இதற்கென்றே ஒரு கருத்தரங்கு கூடியது. ஆஸ்பிரின், தங்க ஊசி, ஸ்டீராய்டு போன்ற சில மருந்துகளே கையில் இருந்த காலத்தில், ஒரு மூட்டையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று அவர்கள் துடித்த துடிப்பை நான் மிகுந்த மரியாதையோடு பார்க்கிறேன். நோயாளியின் கை விரல்கள் கண்ணெதிரே கோணிப்போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவர்களுக்கு மனம் வரவில்லை.

அறுவை எப்படி நடக்கிறது? முழங்காலையே எடுத்துக்கொள்வோம், மூட்டுச்சவ்வு மிகப் பரந்து கிடக்கும் மூட்டு அதுதான். முட்டிச்சில்லுக்கு மேலே தொடை வரை ஏறும் ஒரு பை, இரு பக்கமும் இறங்கும் வாய்க்கால் போன்ற குறுகிய இடைவெளிகள், நடுவே குறுக்கு லிகமென்ட்கள் நிற்கும் பள்ளம், பிறைக் குருத்தெலும்புகளுக்கு மேலும் கீழும் உள்ள மூலைகள், பின்னால் இரண்டு அறைகள். இத்தனை இடத்திலும் சவ்வு ஒட்டியிருக்கிறது. பழைய முறையில் முழங்காலை நீளவாட்டில் திறந்து, சில்லை ஒரு பக்கம் ஒதுக்கி, கத்தியாலும் கத்தரியாலும் சவ்வை உரித்து எடுப்பார்கள். முன்புறம் நன்றாகத் தெரியும், பின்புறம் எட்டாது. பின்புறத்துக்குப் போக முழங்கால் மடிப்பில் தனியாக ஒரு வெட்டு வேண்டும். காலுக்குப் போகும் பெரிய ரத்தக் குழாயும் நரம்பும் அங்கேதான் ஓடுகின்றன.

திறந்த அறுவைக்குப் பிறகு பல வாரம் முழங்கால் மடங்காது. தழும்பு இறுகி மடக்கம் குறைந்துபோன நோயாளிகளும் உண்டு. வலி குறைந்தும் மடக்க முடியாத முட்டியோடு வீடு திரும்புவது யாருக்கும் நிறைவு தராது.

இந்தச் சிக்கலுக்கு விடை ஜப்பானிலிருந்து வந்தது. அங்கே காசநோயால் விறைத்த முழங்கால் வெறும் உடல் குறையாக முடிவதில்லை. தரையில் முழங்காலிட்டு அமர்வது அன்றாட வாழ்வின் ஒழுங்காக இருந்த சமூகத்தில், அது ஒருவரை வீட்டிலும் சபையிலும் தனியாக்கிவிடும். டோக்கியோவின் கென்ஜி தகாகி, நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா என்று தேடினார். 1918இல், சிறுநீர்ப்பையைப் பார்க்கும் கருவியை ஒரு சடலத்தின் முழங்காலுக்குள் விட்டுப் பார்த்தார். அவருடைய மாணவர் மசாகி வதனாபே மாதிரிக்கு மேல் மாதிரியாகச் செய்து, 1950களின் இறுதியில் 21ஆம் எண் கருவியில் வந்து நின்றார். உலகம் முழுவதும் பரவிய ஆர்த்ரோஸ்கோப் அதுதான். அதற்கு முன்பே, 1955இல், கருவியின் வழியே பார்த்தபடி வதனாபே ஒரு முழங்காலின் மேற்பையிலிருந்து மூட்டுச்சவ்வுக் கட்டி ஒன்றை எடுத்துவிட்டார். துளை வழியாக நடந்த மூட்டு அறுவைகளில் முதலாவது என்று அதைத்தான் சொல்கிறார்கள். இந்த அத்தியாயத்தின் கடைசியில் அந்தக் கட்டியை மீண்டும் சந்திப்போம்.

இன்று பெரும்பாலும் இந்த வழிதான். தொடையில் காற்றுப் பட்டை கட்டி ரத்த ஓட்டத்தைத் தற்காலிகமாக நிறுத்துவார்கள். ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான துளைகள் நான்கோ ஆறோ போடுவார்கள். உப்பு நீரைச் செலுத்தி மூட்டை விரிப்பார்கள். ஒரு துளையில் கேமரா, மற்றொன்றில் ஷேவர். ஷேவர் என்பது சுழலும் பற்களை உள்ளே கொண்ட ஒரு குழாய். சவ்வை உறிஞ்சி இழுத்து நறுக்கி வெளியேற்றும். மேற்பையில் தொடங்கிப் பக்க வாய்க்கால்களில் இறங்கி, நடுப்பள்ளத்துக்கு வந்து, பின்னறைகளுக்குத் தனித் துளை போட்டு முடிக்க வேண்டும். தேர்ந்த கைக்கு முன்புறம் எளிது. பின்னறையில் ஷேவரின் வாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதில் ஒரு கணம் கவனம் பிசகினாலும், மூட்டுப் பையைத் தாண்டி ரத்தக் குழாயும் நரம்பும் இருக்கும் பக்கம் போய்விடும். அதனால்தான் பலர் பின்புறத்தை அரைகுறையாக விட்டுவிடுகிறார்கள். என் பார்வையில், இந்த அறுவைக்குப் போகும் நோயாளி கேட்க வேண்டிய முதல் கேள்வி பின்னறையைப் பற்றித்தான்: அங்கே சவ்வு வளர்ந்திருக்கிறதா, அதை எடுத்துப் பழகியவர் செய்கிறாரா?

அறுவை முடிந்ததும் மூட்டுக்குள் ரத்தம் தேங்காமல் பார்த்துக்கொள்வதும், உடனே இயக்கத் தொடங்குவதும் அறுவைக்குச் சமமான வேலை. தொடையின் முன்தசை சில நாள் ஓய்விலேயே மெலிந்துவிடும். பிசியோதெரபியைப் பாதியில் விட்டவருக்கு நல்ல அறுவையும் பயன் தராமல் போகும்.

இனி இந்த அறுவையின் அடிப்படைச் சிக்கல். 1925இல் ஆல்பர்ட் கீ என்ற அமெரிக்க மருத்துவர் முயல்களின் முழங்காலில் சவ்வை உரித்துவிட்டு என்ன நடக்கிறது என்று பார்த்தார். அடியிலிருந்த இணைப்புத் திசுவிலிருந்து சில வாரங்களில் புதிய சவ்வு உருவாகிவிட்டது. மனிதர்களிடமும் அப்படித்தான். ஒரு வகையில் இது பெரிய நன்மை. சவ்வே இல்லாத மூட்டில் குருத்தெலும்பு பட்டினி கிடந்து அழிந்துபோகும். வெட்டி எடுத்தாலும் மூட்டு தப்பிப்பது புதுச் சவ்வு முளைப்பதால்தான். ஆனால் புதுச் சவ்வுக்கு ரத்தம் வருவது அதே உடலிலிருந்து. முடக்குவாதம் உடல் முழுவதற்குமான நோய். பழைய சவ்வை நோய்ப்படுத்திய எதிர்ப்புச் செல்களும் வேதிப் பொருட்களும் புதியதையும் வந்து சேர்கின்றன.

1970களில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பல மருத்துவமனைகள் சேர்ந்து ஒப்பீட்டு ஆய்வுகள் நடத்தின. சிலருக்கு அறுவை, சிலருக்கு அறுவை இல்லாத சிகிச்சை. முழங்காலில் வலியும் வீக்கமும் சில காலம் குறைந்தன. எலும்பு அரிப்பைப் படங்களில் அளந்தபோது, அறுவை செய்த மூட்டு செய்யாத மூட்டைவிட நன்றாகப் பிழைத்திருக்கிறது என்று காட்ட முடியவில்லை. ஹெய்னோலாவின் பெரிய நம்பிக்கை அங்கே அடிபட்டது. ஒரு நல்ல எண்ணத்தைக் கறாராகச் சோதித்துப் பார்க்கும் துணிவு அப்போது இருந்தது. அந்த ஆய்வுகளுக்குத் தம் முழங்காலைத் தந்த நோயாளிகளுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

முடக்குவாதத்தில் கத்தியின் இடத்தை மருந்து எடுத்துக்கொண்ட கதையில் நம் மண்ணோடு ஒரு தொடர்பு உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ், அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் தலைமைப் பொறுப்பில் இருந்தபோது, ஃபோலிக் அமிலத்தை எதிர்க்கும் அமினாப்டெரின் என்ற மருந்து அங்கே உருவானது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு சிட்னி ஃபார்பர் அதைத்தான் முதலில் கொடுத்தார். 1951இல் ரிச்சர்ட் கப்னரும் அவரோடு இருந்தவர்களும் அதை முடக்குவாதத்துக்குக் கொடுத்து, வீக்கம் வடிவதைக் கண்டார்கள். அமினாப்டெரினின் உடன்பிறப்பான மெத்தோட்ரெக்சேட் 1985இல் முறையான ஆய்வில் தேறி, 1988இல் அமெரிக்காவில் இந்த நோய்க்கு அனுமதி பெற்றது. இன்று உலகம் முழுவதும் முடக்குவாதத்துக்கு முதலில் எழுதப்படும் மருந்து அதுவே. வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் விழுங்க வேண்டிய மாத்திரை அது. தவறுதலாகத் தினமும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் யாராவது சாப்பிடுகிறார்கள் என்றால் அந்தக் கிழமையைச் சுவர் நாட்காட்டியில் குறித்து வையுங்கள். சுப்பாராவ் 1948இல் காலமானார்; தம் ஆய்வகத்தில் பிறந்த மருந்துக் குடும்பம் மூட்டுகளைக் காக்கும் என்பதை அவர் பார்க்கவில்லை.

இரண்டாவது திருப்பத்துக்கு அறுவைக் கூடமே உதவியது. லண்டனில் மார்க் ஃபெல்ட்மன், ரவீந்தர் மைனி, ஃபியோனா பிரென்னன் ஆகியோர் நோயாளிகளின் மூட்டுகளிலிருந்து எடுத்த சவ்வுச் செல்களை ஆய்வகத்தில் வளர்த்தார்கள். அழற்சியைக் கிளப்பும் பல வேதிப் பொருட்கள் அதில் சுரந்துகொண்டிருந்தன. அவற்றில் டிஎன்எஃப் என்ற ஒன்றை மட்டும் தடுத்தபோது, மற்றொரு முக்கியப் பொருளான இன்டர்லூக்கின்-1 சுரப்பதும் சரிந்தது. 1989இல் இதை வெளியிட்டார்கள். சங்கிலியின் மேல்கண்ணி எது என்பது தெரிந்துவிட்டது. 1992இல் முதல் நோயாளிகளுக்கு டிஎன்எஃப் தடுப்பு மருந்து கொடுக்கப்பட்டது. பத்தாண்டு முடிவதற்குள் இரண்டு மருந்துகள் சந்தைக்கு வந்தன. அறுவைக்குப் பின் குப்பைக்குப் போக வேண்டிய திசுவை ஆய்வகத்துக்கு எடுத்துப் போனதால்தான் இது தெரிந்தது. அதன் விளைவாக அந்த அறுவைக்கான தேவையே குறைந்தது. மருத்துவ வரலாற்றில் என்னை மிகவும் நெகிழ வைக்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

ஆனாலும் இந்த அறுவை முற்றிலும் மறைந்துவிடவில்லை. மருந்தால் மற்ற மூட்டுகள் எல்லாம் அடங்கியும் ஒரே ஒரு முட்டியோ முழங்கையோ அடம்பிடித்தால் இன்றும் செய்கிறார்கள். மணிக்கட்டின் மேற்புறம் இன்னொரு இடம். அங்கே விரல்களை நீட்டும் தசைநாண்களைச் சுற்றி இதே வகைச் சவ்வு உறையாக இருக்கிறது. அது தடித்து, அடியில் எலும்பு முனையும் சொரசொரப்பானால், தசைநாண் நைந்து அறுந்துபோகும். முதலில் சுண்டுவிரல், பிறகு மோதிரவிரல் நீட்ட முடியாமல் தொங்கும். அறுந்த பிறகு ஒட்டுவதைவிட, அறுவதற்கு முன் சவ்வை எடுப்பது எவ்வளவோ எளிது.

ஹீமோபிலியாவில் கதை வேறு. ரத்தம் உறையத் தேவையான எட்டாம் காரணியோ ஒன்பதாம் காரணியோ பிறவியிலேயே இல்லாத ஆண் குழந்தைகளுக்கு, நடக்கத் தொடங்கும் வயதிலிருந்து முழங்கால், கணுக்கால், முழங்கை ஆகிய மூட்டுகளுக்குள் ரத்தம் கசிகிறது. அதைத் தின்று தீர்க்க மூட்டுச்சவ்வு முயல்கிறது. ரத்தத்தின் இரும்பு அதன் செல்களில் படிந்து, சவ்வைத் துருநிறமாக்கித் தடிக்க வைக்கிறது. தடித்த சவ்வில் புது ரத்தக் குழாய்கள், அவை மெல்லியவை, நடக்கும்போது சவ்வு எலும்புகளுக்கிடையே நசுங்கி மறுபடியும் ரத்தம் கசிகிறது. ஆறு மாதத்தில் மூன்று முறையோ அதற்கு மேலோ ஒரே மூட்டில் இப்படி நடந்தால் அதைக் குறிவைக்கப்பட்ட மூட்டு என்பார்கள். பள்ளிக்குப் போகும் வயதில் ஒரு சிறுவன் வீங்கிய முட்டியோடு படுக்கையில் கிடக்கும் துயரத்துக்குப் பின்னால் இந்தச் சுழல் இருக்கிறது.

இங்கே சவ்வை எடுப்பதற்கு வலுவான நியாயம் உண்டு. முடக்குவாதத்தில் சவ்வை நோய்ப்படுத்தும் காரணம் உடல் முழுவதும் ஓடுகிறது. இங்கே தடித்த சவ்வே அடுத்த கசிவுக்குக் காரணம். அதை நீக்கினால் சுழல் அறுபடும். உறைகாரணியைச் செறிவாக எடுக்கும் முறை 1960களின் நடுவில் வந்த பிறகே இந்த நோயாளிகளுக்குக் கத்தி வைக்கும் துணிவு வந்தது. 1969இல் இத்தாலியின் எடோவார்டோ ஸ்டோர்ட்டியும் அவர் குழுவும், சவ்வை எடுத்த மூட்டுகளில் ரத்தக் கசிவு வெகுவாகக் குறைந்ததை வெளியிட்டார்கள். ஆனால் கெட்டுப்போன குருத்தெலும்பு இதனால் திரும்பி வராது. சில மூட்டுகளில் மடக்கமும் குறைந்தது.

கத்தியே இல்லாமல் சவ்வைக் கருக்கும் வழியும் உண்டு. வியன்னாவில் 1952இல் ஃபெல்லிங்கரும் ஷ்மிட்டும் கதிரியக்கத் தங்கத்தை மூட்டுக்குள் ஊசியாகப் போட்டார்கள். இப்போது முழங்காலுக்குப் பெரும்பாலும் யிட்ரியம்-90. இதன் அரைவாழ்வு ஏறத்தாழ 64 மணி நேரம். அதிலிருந்து வரும் பீட்டா துகள்கள் திசுவுக்குள் அதிகபட்சம் 11 மில்லிமீட்டர், சராசரியாக நான்குக்கும் குறைவான மில்லிமீட்டர் தூரமே போகும். நுண்துகள்களாக உள்ளே போகும் யிட்ரியத்தைச் சவ்வின் விழுங்கு செல்கள், தம் வழக்கப்படி கழிவென்று எண்ணித் தின்கின்றன; தின்ற இடத்திலேயே கருகுகின்றன. சவ்வின் இயல்பான குணத்தையே அதற்கு எதிராகத் திருப்பும் இந்த உத்தி எனக்கு எப்போதும் வியப்பூட்டுகிறது. முழங்கைக்கும் கணுக்காலுக்கும் குறைந்த தூரம் பாயும் ரேனியம்-186, விரல் மூட்டுக்கு ஒரு மில்லிமீட்டரையே எட்டும் எர்பியம்-169 என்று மூட்டின் அளவுக்கேற்ப ஐசோடோப்பைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பாஸ்பரஸ்-32 கொடுக்கப்பட்ட சிறுவர்களில் இருவருக்குப் பின்னாளில் ரத்தப் புற்றுநோய் வந்தது பதிவாகியிருக்கிறது. அது கதிரியக்கத்தால்தான் என்று நிறுவப்படவில்லை. ஆனாலும் சிறு பிள்ளைகள் விஷயத்தில் மருத்துவர்கள் பெற்றோரிடம் இதைப் பேச வேண்டும். அணு மருத்துவ வசதி இல்லாத இடங்களில் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினை மூட்டுக்குள் வாரந்தோறும் போட்டுச் சவ்வை நார்த்தழும்பாக்குகிறார்கள். வலிக்கும், ஆனால் விலை குறைவு.

உலக ஹீமோபிலியா கூட்டமைப்பு 2020இல் வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டியின் மூன்றாம் பதிப்புக்கு முதன்மை ஆசிரியர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் அலோக் ஸ்ரீவஸ்தவா. கசிவு நிற்காத தடித்த சவ்வுக்கு முதலில் ஊசி முறை, பிறகே அறுவை என்ற வரிசை இன்று பரவலாக ஏற்கப்பட்டிருக்கிறது. உறைகாரணியை வாரத்தில் சில நாள் முன்கூட்டியே செலுத்திக்கொள்ளும் குழந்தைக்கு இரண்டுமே தேவைப்படாமல் போகலாம். அந்தக் காரணி எல்லாக் குழந்தைகளுக்கும் கிடைக்கும்படி செய்வது, எந்த அறுவைத் திறமையையும்விட அதிக முழங்கால்களைக் காப்பாற்றும்.

கடைசியாக, வதனாபே 1955இல் எடுத்த அந்தக் கட்டி. மூட்டுச்சவ்வு அழற்சியால் அல்லாமல் கட்டியாகவே வளரும் நோய் ஒன்று உண்டு. பெரும்பாலும் இளைஞர்களையும் நடுவயதினரையும் பிடிக்கும். எண்பது விழுக்காட்டை ஒட்டி முழங்காலில் வரும். முட்டியில் ஊசி போட்டு நீர் எடுத்தால் பழுப்பு கலந்த ரத்தநிறத்தில் வரும். அடிபட்ட நினைவே இல்லாதவருக்கு இப்படி வந்தால் மருத்துவர் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்வார். 1941இல் ஜாஃபி, லிக்டென்ஸ்டைன், சுட்ரோ ஆகியோர் இதை ஒரு தனி நோயாக விவரித்தார்கள். அழற்சியா கட்டியா என்ற வாதம் அறுபதாண்டு தொடர்ந்தது.

2006இல் அமெரிக்காவின் ராபர்ட் வெஸ்டும் அவர் குழுவும் கட்டியின் செல்களில் குரோமோசோம் துண்டு இடம் மாறியிருப்பதைக் கண்டார்கள். அதனால் சிஎஸ்எஃப்-1 என்ற புரதம் அளவின்றிச் சுரக்கிறது. மாக்ரோபேஜ்களை வரவழைக்கும் சமிக்ஞை அது. வியப்பு என்னவென்றால், கட்டிக்குள் இந்தக் கோளாறு உள்ள செல்கள் நூற்றுக்கு இரண்டு முதல் பதினாறு வரைதான். மற்றவை எல்லாம் சமிக்ஞையைக் கேட்டு வந்து குவிந்த, கோளாறற்ற செல்கள். கட்டியின் பெரும்பகுதி கட்டியே அல்ல.

இதில் முதல் சிகிச்சை இன்றும் கத்திதான். ஒரே இடத்தில் திரண்ட கட்டி என்றால் துளை வழியே எடுத்துவிட்டால் பெரும்பாலும் முடிந்தது. மூட்டு முழுவதும் பரவிய வகையில் முன்புறமும் பின்புறமும் சேர்த்துத் துப்புரவாக எடுக்க வேண்டும். அப்படி எடுத்தும் பலருக்குச் சில ஆண்டுகளில் திரும்ப வருகிறது. பின்னறையில் விட்டுப்போன ஒரு சிறு துணுக்கே போதும். இரண்டு மூன்று அறுவைகளுக்குப் பிறகு மூட்டே தேய்ந்து, செயற்கை மூட்டு வரை போனவர்கள் உண்டு.

சிஎஸ்எஃப்-1 சமிக்ஞையைக் கேட்கும் ஏற்பியை அடைக்கும் பெக்சிடார்ட்டினிப் என்ற மாத்திரைக்கு 2019இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 120 பேரிடம் நடந்த ஆய்வில், மாத்திரை எடுத்தவர்களில் 39 விழுக்காட்டினருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது. போலி மாத்திரை எடுத்தவர்களில் ஒருவருக்குக்கூடச் சுருங்கவில்லை. ஆனால் அது கல்லீரலைக் கடுமையாகப் பாதிக்கக்கூடும். ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி மறுத்தது. 2025 பிப்ரவரியில் அமெரிக்காவில் விம்செல்ட்டினிப் என்ற இன்னொரு மாத்திரை அதே வேலைக்கு வந்திருக்கிறது. உயிரைப் பறிக்காத ஒரு கட்டிக்கு எவ்வளவு பக்கவிளைவைத் தாங்கலாம், எத்தனை ஆண்டு விழுங்கலாம், முதலில் மாத்திரையால் சுருக்கிவிட்டுப் பின்னறைக்குள் ஷேவரோடு போவது நல்லதா, அல்லது மாத்திரையோடு நிறுத்திக்கொள்ளலாமா? பரவிய வகை உள்ள ஒரு முழங்காலுக்கு இவற்றையெல்லாம் இப்போது எலும்பு அறுவை மருத்துவரும் புற்றுநோய் மருத்துவரும் நோயாளியும் ஒரே மேசையில் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள்.